ஓட்டையை அடைத்த தலையணை

இளையவள் மருமகளாக வந்த புதிதில் அந்த வீட்டில் ஒரு துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால், அது பறந்து போய்க் கொல்லையில் கிடக்கும். அப்படியொரு காற்று. தெருப்பக்கம் நுழைந்து, அறை அறையாக எட்டிப் பார்த்துவிட்டு, பின்பக்கமாக வெளியேறும். இப்போது அதே வீட்டில் மூன்று நாளானாலும் துண்டில் ஈரம் போவதில்லை. சுவர் வேறு வியர்த்தது. மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சை படர்ந்து, தலைமாட்டில் யாரோ கரி தேய்த்த மாதிரி இருந்தது.

நடுவில் வந்தது ஒரு சுவர்தான். மேல்தொட்டித் தண்ணீரை யார் காலி செய்தது என்று அண்ணன் தம்பிக்குள் ஆரம்பித்த பேச்சு, வாய் முற்றி, வீட்டுக்குக் குறுக்கே கூரை வரைக்கும் செங்கல் அடுக்குவதில் போய் நின்றது. தெருப்பக்கப் பாதி அண்ணனுக்கு, கொல்லைப்பக்கப் பாதி தம்பிக்கு. பாத்திரத்தைப் பிரித்தார்கள், கட்டிலைப் பிரித்தார்கள். காற்றை யார் பிரிப்பது?

அதற்குப் பிறகும் ஒருநாள் தம்பிக்காரன் மனம் கேட்காமல் தெருவில் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறான். அவர் திரும்பியே பார்க்கவில்லை.

"நாலு பேர் பார்க்க ரெண்டு தடவை கூப்பிட்டேன். கல்லு மாதிரி போறாரு. இனிமே அவரு யாரோ, நான் யாரோ" என்று வந்து செருப்பை உதறினான். அன்றோடு சரி.

இளையவளுக்கு அந்த ரோஷமெல்லாம் இரண்டாம்பட்சம். அவள் கவலை குட்டியைப் பற்றியது. ஐந்து வயதுப் பெண். மழைக்காலம் வந்தால் போதும், நெஞ்சுக்குள் பூனை உட்கார்ந்த மாதிரி கர்கர் என்று இளைக்கும். டாக்டர் மருந்து எழுதிவிட்டு, "முதல்ல வீட்டுக்கு வைத்தியம் பாருங்கம்மா" என்றார்.

கணவன் பார்த்த வைத்தியம் என்ன தெரியுமா? ஈரம் தெரிந்த இடமெல்லாம் சிமெண்டைப் பூசி, அதன்மேல் பளபளவென்று பெயிண்ட் அடித்தான். அடுத்த மழைக்குப் பெயிண்ட் அப்பளமாக உப்பியது. உடனே இன்னொரு முடிவுக்கு வந்தான். "இந்த மழை முடியட்டும். நம்ம பாதியை இடிச்சுத் தள்ளிட்டுப் புதுசா கட்டிடறேன்."

இளையவளுக்குப் பகீரென்றது. இடிக்கிற தூசியில் இந்தக் குழந்தை என்னாவது? அதற்குப் பயந்துதான் பழைய வீடுகளைப் பழுது பார்க்கிற இன்ஜினியர் அம்மாவை வரவழைத்தாள். அந்த அம்மா சுவரைக் கையால் தடவி, விரலால் தட்டி, அண்ணாந்து கூரையைப் பார்த்து, நாடி பிடிக்காத குறையாக இரண்டு பாதியையும் சோதித்தாள்.

"இது சுண்ணாம்புச் சுவர் சார். ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியே விடும். நீங்க அதுமேல சிமெண்டைப் பூசினது, வேர்த்த உடம்புக்கு மழைக்கோட்டு மாட்டின மாதிரி. அதைச் செதுக்கிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசுங்க. நடுச்சுவர்ல கூரைக்குக் கீழே மூணு ஓட்டை விடுங்க, காத்து பழைய வழியைக் கண்டுபிடிச்சுக்கும்."

"இடிச்சா?"

"உத்திரம் ரெண்டு பாதிக்கும் சேர்ந்து ஓடுது. இதை இடிச்சா உங்க அண்ணன் தலையில ஓடு விழும்."

அவன் உத்திரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். மழை முடிவதற்குள் சுவர் காய்ந்தால் பார்க்கலாம் என்று மட்டும் மனைவியிடம் முனகினான். ஓட்டைக்கு அண்ணன் வீட்டில் சம்மதம் கேட்க அந்த அம்மாவே போனாள். இன்ஜினியர் அம்மா சொன்னதற்கெல்லாம் அவர் சிரித்துத் தலையாட்டினாராம்.

ஓட்டை விட்டு, பூச்சி வராமல் வலை அடித்த அன்றே அடுக்களைப் புகை மேலே ஏறி ஓடியது. பத்து நாள் குட்டி இருமவில்லை. இளையவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் பதினோராம் நாள் பழைய புழுங்கல் நாற்றம் மறுபடி மூக்கில் ஏறியது. குட்டிக்கு இளைப்பும் வந்துவிட்டது. சந்தேகத்தோடு ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள். மூன்று ஓட்டையிலும் அந்தப் பக்கத்திலிருந்து தலையணையைத் திணித்திருந்தார்கள்!

இறங்கிய வேகத்தில் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போய்த் தெருக்கதவைத் தட்டினாள். மூத்தவள்தான் திறந்தாள்.

"என்னம்மா, வழி தவறி வந்துட்டியா?"

"தலையணை, அக்கா."

"எந்தத் தலையணை?"

"ஓட்டையில சொருகினது. பூப்போட்ட உறை. எனக்கு அடையாளம் தெரியாதா? ஒரே கடையில ஒண்ணாத்தானே வாங்கினோம்."

மூத்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஊஞ்சல் நாற்காலியில் அவள் கணவரான பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"மாத்திரை போட்டாச்சா?" என்று மூத்தவள் திரும்பிக் கேட்டாள். பதில் இல்லை. தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். "உங்களைத்தான்! மாத்திரை!" பெரியவர் அழகாகச் சிரித்துத் தலையாட்டினார். மாத்திரை உள்ளங்கையிலேயே இருந்தது.

இளையவளின் கோபம் பாதியில் நின்றது.

"எப்போலேருந்துக்கா?"

"சுவர் எழும்பறதுக்கு முன்னாடியே. இப்போ சுத்தமா போச்சு."

"அப்போ அன்னிக்குத் தெருவுல இவரு கூப்பிட்டது..."

"லாரி பின்னாடி வந்து ஹாரன் அடிச்சாலே ஒதுங்க மாட்டேங்கிறாரு. உன் வீட்டுக்காரர் குரல் மட்டும் தேன் தடவிக்கிட்டு உள்ளே போகுமா?"

"காது மிஷின் வெச்சுக்கலாமே?"

"வெச்சா எல்லாருக்கும் தெரிஞ்சுடுமாம். முக்கியமா தம்பிக்குத் தெரியக் கூடாதாம். 'அவனுக்கு முன்னாடி நான் செவிடனா நிக்கணுமா'ன்னு என்கிட்டே சத்தியம் வாங்கியிருக்காரு." மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். "வயிறு சரியா போச்சான்னு கேட்கிறதுக்குக்கூட நான் கத்தணும்டி. அது அப்படியே ஓட்டை வழியா உங்க அடுக்களையில வந்து விழுந்தா? நீங்க சாப்பிட்டுட்டு இருப்பீங்க!"

இளையவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"குட்டிக்கு மறுபடி இளைக்குதுக்கா. சுவர் காயலேன்னா இடிக்கப் போறாரு. கான்ட்ராக்டர்கிட்டே பேசி வெச்சிருக்காரு."

"ஐயோ, இளைக்குதா?" மூத்தவள் அப்போதே ஸ்டூலைத் தேடினாள். ஏறிப் பாதியில் நின்றாள். "இந்த மனுஷன் மானத்துக்கு என்னடி வழி?"

இளையவள் யோசித்தாள்.

"கத்தறதுக்கு முன்னாடி சுவரை ரெண்டு தட்டு தட்டுங்க. நான் மிக்ஸியைப் போட்டுடறேன். ஒண்ணும் கேட்காது."

"நாள் முழுக்கவா? எதைப் போட்டு அரைப்பே?"

"காத்தைத்தான்."

அந்தப் பாதி வீட்டில் மூத்தவள் விழுந்து விழுந்து சிரித்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். பெரியவரே நிமிர்ந்து பார்த்தார்.

அதற்கப்புறம் தலையணை படுக்கைக்குப் போனது. மிக்ஸிக்குத்தான் ஓய்வு இல்லை. டொக் டொக் என்றால் கர்ர்ர். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தடவை, வெந்நீர் வைக்கும்போது ஒரு தடவை.

"இந்த அரை அரைக்கிறே, தட்டுல ஒண்ணையும் காணோமே?" என்றான் கணவன்.

"போட்டதைச் சாப்பிடுங்க. அடுக்களைக் கணக்கெல்லாம் கேட்கக் கூடாது."

அவனும் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் கொல்லையில் இருந்த ஒருநாள், டொக் டொக் சத்தத்துக்குப் பிறகு சாப்பாட்டை விட்டுவிட்டு ஓட்டையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். சிமெண்டைச் செதுக்கிச் சுண்ணாம்பு பூசியாயிற்று. ஈரக்கறை மேலிருந்து கீழே மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது. குட்டி வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுத் தூங்கினாள். இளையவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதையே வேடிக்கை பார்ப்பாள். ஆனாலும் கணவன் வாயிலிருந்து 'இடிக்கலே' என்ற ஒரு சொல் வரவில்லை. அதைக் கேட்கவும் அவளுக்குப் பயம்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் கான்ட்ராக்டர் டேப்போடு வந்துவிட்டார். இளையவள் கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். காது மட்டும் உள்ளே இருந்தது.

"இடிச்சுட்டோம்னா பெட்டி மாதிரி கட்டிடலாம் சார். கூரையும் தணிஞ்சுடும், ஏசி நல்லா நிக்கும்" என்றார் கான்ட்ராக்டர்.

கணவன் புதுச் சுண்ணாம்பின் மேல் உள்ளங்கையை வைத்து, எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்தான்.

டொக் டொக்.

இளையவள் பிழிந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஈரக்காலோடு வாசற்படியில் வழுக்கி, நிலையைப் பிடித்து நிமிர்ந்தபோது, மிக்ஸி கர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. காலி ஜார். பக்கத்தில் அவள் கணவன். அவள் முகத்தைப் பார்க்காமல் ஜாரின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கான்ட்ராக்டர் ஏதோ கேட்டார். வாய் மட்டும்தான் அசைந்தது.

அவன் குனிந்து அவர் காதருகே கத்தினான். "வேண்டாங்க! இடிக்கலே!"

"என்ன சார்?"

"சுவர் காஞ்சுடுச்சு! இடிக்கலேன்னு சொல்றேன்!"

கான்ட்ராக்டர் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் மிக்ஸியைக் காட்டி, நிறுத்துங்களேன் என்று ஜாடை செய்தார். அந்தப் பக்கம் மூத்தவள் இன்னும் பேசி முடித்திருக்கவில்லை. அவன் நிறுத்தவில்லை.