நாலு கட்டையில் ஓர் உகுலேலே

1

இந்தக் கதை எனக்கு ஒரு வெட்கத்திலிருந்து கிடைத்தது. பிறருக்குக் கனவில் வருகிறதாம். நமக்கு வாய்த்தது இதுதான்.

முதல் தொடக்கம்: "மாயாபந்தர் ஜெட்டியில் கப்பல் ஊதியபோது வானம்..."

(அடித்துவிட்டேன். வானத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: 1968இல், அந்தமானின் மாயாபந்தர் கோயிலில் மாதா திருவிழாப் பாட்டை ஆறு வருடமாகப் பாடிவந்த கிரேசியிடமிருந்து, பாடல்குழுத் தலைவன் அதைப் பிடுங்கிச் சகாயசெல்விக்குக் கொடுத்தான். டைபாய்டுக்குப் பிறகு கிரேசியின் குரல் இறங்கிப்போயிருந்தது. ஹார்மோனியத்தின் ஐந்தரைக் கட்டைச் சுருதி அவளுக்கு எட்டவில்லை.

இது நிற்கட்டும்.

2

கிரேசியின் கணவன் வியாகுலம் படகுத் தச்சன். கப்பல் சமையல்காரன் ஒருவன் விட்டுப்போன உகுலேலே அவனிடம் இருந்தது. குட்டிக் கிதார் மாதிரி, நாலு நரம்பு, அந்தச் சாதியிலேயே ஆகச் சின்னதான சொப்ரானோ. [அதைக் குழந்தைபோல் ஏந்தினான் என்று எழுதியிருந்தேன். பொய். உளியைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்தான்.]

மனைவியின் குரல் ஏறாவிட்டால் வாத்தியம் இறங்கட்டும் என்று நரம்புகளைத் தளர்த்தினான். நாலு கட்டைக்கு வந்ததும் அவை தொய்ந்து கறகறத்தன.

"டீலா ஆயிருச்சுங்க, தொங்குது," என்றாள் கிரேசி.

"அச்சா, இரு."

தூண்டில் நைலானில் தடித்ததாகப் பார்த்து நாலையும் மாற்றினான். சமையல்காரன் சொல்லிக்கொடுத்த சுருதியைத் தூக்கிப் போட்டுவிட்டு ப, ச, க, ப என்று வைத்தான். இப்போது விரலே வைக்காமல் வருடினாலும் அவளுடைய சுருதி வந்தது. அவள் தலையாட்டும்வரை திருகிக்கொண்டே இருந்தான்.

பிறகு வியாகுலம் அதோடு தலைவனின் வீட்டுக்கு வந்தான்.

"மாஸ்டர், நாலு கட்டையில வச்சிருக்கேன். ஒரு தடவ கேட்டுப் பாருங்க. அவ பாடுவா."

"ஹார்மோனியத்தோட சேராதே, வியாகுலம்."*

* ஹார்மோனியத்தை நாலு கட்டையில் வாசித்தால் என்ன என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். வாசிக்கலாம். தலைவனுக்கு ஐந்தரையில் மட்டும்தான் விரல் ஓடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

3

இந்தத் தலைவனை நல்லவனாக்கப் பல வரைவுகள் எழுதினேன். ஒன்றில் அவனுக்குக் காது மந்தம். இன்னொன்றில் எல்லாம் சாமியார் உத்தரவு. எதுவும் ஒட்டவில்லை.

தலைவன் நான்தான்.

4

திருவிழாப் பூசையில் பாட்டு நேரம் வந்ததும் சகாயசெல்வி எழுந்தாள். "அக்காவே பாடட்டும், மாஸ்டர். எனக்கு மனசு வரல," என்று உட்கார்ந்துவிட்டாள். சின்னப் பெண். அவளுக்கு இருந்தது எனக்கு இல்லை.

கிரேசி எழுந்து நின்றாள். பின்பெஞ்சிலிருந்து வியாகுலம் வருடினான். கோயில் முழுக்க நாலு கட்டை கேட்டது. என் விரல்கள் ஐந்தரையில் இருந்தன. அவள் என்னைப் பார்த்தாள்.

முடிவு அ: நான் ஹார்மோனியத்திலிருந்து கையை எடுக்கிறேன். அவள் பாடுகிறாள்.

முடிவு ஆ: நான் வாசிக்கிறேன். அவள் எட்டிப் பிடிக்கப் பார்த்து, குரல் உடைந்து, எல்லார் முன்னாலும்...

(இந்த வாக்கியத்தை மூன்று தடவை தொடங்கிவிட்டேன்.)

அ நல்ல முடிவு. நீங்கள் அதையே எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கப்புறம் கிரேசி ஏன் கோயிலில் பாடவே இல்லை என்பதற்கு மட்டும் ஒரு காரணத்தை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.