விளக்கை இறக்கிய சந்து

பெண்கள் சங்கத்தின் பதாகையில் பாதுகாப்பு, சமத்துவம், பசுமை ஆகிய மூன்று சொற்களும் ஒன்றையொன்று இடிக்காமல் வரிசையாக நின்றன. பதாகையில் அது சுலபம். பின்சந்தில் இருந்ததோ ஒரே ஒரு தெருவிளக்கு. அதையும் ஒரு மரம் முழுசாக விழுங்கியிருந்தது.

பாதுகாப்புப் பிரிவின் செயலாளர் ஒரு தையற்காரி. அவளுடைய மகள் ஆய்வுக்கூட வேலை முடிந்து, இருட்டத் தொடங்கும்போது அந்தச் சந்து வழியாகத்தான் வர வேண்டும். வருவாள் என்பதைவிட ஓடி வருவாள் என்பதே சரி. கேட்டால், மூச்சிரைக்க, "சும்மா உடற்பயிற்சிம்மா" என்பாள்.

"கிளையை வெட்டணும்," என்றாள் தையற்காரி சங்கக் கூட்டத்தில்.

பசுமைப் பிரிவின் செயலாளர் அவளுடைய நாத்தனார். நாற்றுப் பண்ணையில் வேலை. "அண்ணி, மரம் பூத்திருக்கு. இப்பப் போய் கை வைப்பாங்களா?"

"உன் மரத்துக்கென்ன, நின்ன இடத்துலயே நிக்குது. என் பொண்ணுல்ல நடக்குறா!"

"என் மரமா? நானா பெத்தேன்? அவ எனக்கும்தான் மருமக."

சமத்துவத்தைக் காப்பாற்றத் தலைவி முன்வந்தார். மருந்துக்கடை நடத்துபவர், எதையும் பாதி மாத்திரையாக உடைத்துப் பழகியவர். "பாதிக் கிளை வெட்டுவோம். பாதியை விட்டுடுவோம்."

"அப்போ அவ பாதித் தூரம் மட்டும் பயப்படட்டுமா?" என்றாள் தையற்காரி.

தேநீர் வந்தது. அன்று ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதைக் குடிப்பதுதான்.

மாலையில் அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொள்ளாமலே சந்துக்குப் போனார்கள். மேலே இலைகளின் முதுகில் வெளிச்சம் கொட்டிக்கிடந்தது. பறவைகளுக்குப் பரிபூரணப் பாதுகாப்பு. கீழே, குளத்தின் அடியில் நிற்பதுபோல இருந்தது. பொடிப்பொடியாக மஞ்சள் பூக்கள் அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்த தையற்காரி சட்டென்று சொன்னாள்:

"விளக்கை இறக்கிட்டா?"

"என்ன அண்ணி?"

"பாவாடை குட்டையாப் போச்சுன்னா காலையா வெட்டுறோம்? மடிப்பைப் பிரிச்சு இறக்குறோம்ல. விளக்கு கிளைக்குக் கீழ வரட்டும்."

மின்துறை ஊழியர், விளக்கென்றால் உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்றார். அண்ணியும் நாத்தனாரும் ஒரே பக்கம் நின்று பேசினால் எப்படியிருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. விளக்கு இறங்கியது.

அன்று மாலை மகள் வரவில்லை. வழக்கமான நேரமும் தாண்டிவிட்டது. தையற்காரி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

சந்து முழுக்க இலைநிற வெளிச்சம். மரத்துக்கு உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல இருந்தது. நடுவில் மகள் உள்ளங்கையை விரித்தபடி நின்றிருந்தாள். எதிரே அவளுடைய அத்தை, கவிழ்த்துப்போட்ட பூந்தொட்டிமேல். கடையைப் பூட்டிவிட்டு வந்த தலைவியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டி, எவ்வளவு நேரம்டி?"

"வர்றேன்மா. கையில தானா ஒரு பூ விழுதான்னு பார்க்குறேன். எல்லாம் அத்தை மேலயே விழுது."

"அவ காப்பாத்துன மரமாச்சே, ஓரவஞ்சனை இருக்காதா?"

"பார்த்தீங்களா, அண்ணியோட வாயை!" என்றாள் நாத்தனார் தலைவியிடம்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் தையற்காரிக்கு நினைவுக்கு வந்தது. இந்நேரம் பொங்கித் தீர்ந்திருக்கும். இனி ஓடி என்ன ஆகப்போகிறது என்று மகளுக்குப் பக்கத்தில் போய் அவளும் கையை நீட்டினாள்.