அப்படியே சொல்

இதைச் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். கலைமகள் அக்கா அப்போது பதினொன்றாம் வகுப்பு படித்தாள் என்று நினைக்கிறேன். மழை பெய்தது மட்டும் உறுதி.

கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் வீடு. திருப்பூர் வேலையை விட்டு வந்த அப்பா சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். வயலையும் வீட்டையும் பார்த்துக் களைத்த அம்மா அவரோடு பேச்சை நிறுத்தினாள். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே அக்காதான் சொல் சுமந்தாள். அம்மா அவரைச் செத்துத் தொலையச் சொன்னால், "சாப்பிடக் கூப்பிடுறாங்கப்பா" என்பாள். அப்பா திருப்பி அனுப்பிய வசை, அம்மாவிடம் வரும்போது அப்புறம் சாப்பிடுவதாக மாறியிருக்கும். அதில்தான் வீடு ஓடியது.

ஒருநாள் கொல்லைப் பக்கம் போன அப்பா, அம்மா சொன்னதைக் காதால் கேட்டுவிட்டார். அக்கா வந்து வேறு சொன்னாள்.

"என்னைப் பைத்தியக்காரன்னு நினைச்சியா? இனிமே அவ சொன்னதை அப்படியே சொல்லு."

அம்மாவும் அதையேதான் சொன்னாள். அந்த ஒன்றில்தான் இருவரும் ஒத்துப்போனார்கள். ஒரு சொல் மாறினாலும் அக்காவுக்கு அறை விழுந்தது.

அப்படியே சொல்லப் பழகினாள். அம்மாவின் குரலிலேயே, அப்பாவின் குரலிலேயே. அவள் குரல் எப்படி இருக்கும் என்பது எனக்கு மறக்கத் தொடங்கியது.

தை மாதம். எதிரே சாலையில் சம்பா நெல் காய்ந்துகொண்டிருந்தது. மேகம் கூடியது. நான் ஓடிப்போய்ப் படுதாவை இழுத்தேன். காற்று பிடுங்கியது.

"மழை வருது. அந்தப் பொணத்தை எழுந்து வரச் சொல்லு" என்றாள் அம்மா.

அக்கா போய்ச் சொன்னாள். மகாராணி முதலில் ஒரு முனையைப் பிடிக்கட்டும் என்று பதில் வந்தது. அதையும் கொண்டுபோனாள். பொணம் எழுந்தால் பார்க்கலாம் என்றாள் அம்மா. அக்கா நடந்துகொண்டே இருந்தாள். நெல் நனைந்தது.

சில நாளில் முளை விட்டது. அப்பா அக்காவை இழுத்து நிறுத்தினார்.

"ஏன்டி, மழை பேயுறப்பகூட ஒரு வார்த்தை மாத்திச் சொல்லக் கூடாதா?"

"கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்றாள் அம்மா.

அக்கா அப்பாவின் குரலில், "அப்படியே சொல்லு" என்றாள்.

அவள் பரீட்சை எழுதவில்லை. இப்போது தஞ்சாவூரில் சித்தி வீட்டில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாள். எதைக் கேட்டாலும் கேட்டதையே திருப்பிச் சொல்கிறாள். நிலம் குத்தகைக்குப் போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் அதே வீட்டில் இருக்கிறார்கள், பேசுவதில்லை. நான் பட்டுக்கோட்டையில் நர்சாக இருக்கிறேன். ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை எனக்குப் போன் செய்து சொல்கிறார்கள்.