கடைசி ஆள் தாண்டும்வரை

எங்கள் நகரத்தில் வருடாந்திர மாரத்தானின் கடைசி ஆள் கோட்டைத் தாண்டினால்தான் வருடம் முடியும். அதுவரை டிசம்பர்தான். காலண்டரில் கிழிக்கத் தாள் தீர்ந்துவிட்டால், வெறும் அட்டையில் இருக்கும் முருகனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போவார்கள்.

முதல் மாரத்தானில் கடைசியாக வந்தவர் ஒரு விசைத்தறிக்காரர். ஓடுகிற வழியில் மாமனார் வீடு இருந்தது. கூப்பிட்டதைத் தட்ட முடியாமல் உள்ளே போனவர் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். பொங்கலுக்கு வெட்டிய கரும்பெல்லாம் சந்தையில் கிடந்து விறகாகியது. நின்றால் ஆள் கணக்கில் இல்லை என்ற விதி அப்போது வந்ததுதான். எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் ஓடலாம், ஆனால் ஒவ்வொரு எட்டிலும் இரண்டு காலும் தரையை விட்டு எழும்ப வேண்டும். நின்றுவிட்டால் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தவரே கடைசி ஆளாகிவிடுவார், வருடமும் அந்த நொடியே முடிந்துவிடும்.

அதே மாரத்தானில் இன்னொன்றும் தெரியவந்தது. கடைசி ஆள் தாண்டும்போது ஓட்டப் பாதையில் கோட்டைத் தாண்டாமல் யாராவது நின்றால், அவர் அந்த வருடத்திலேயே தங்கிவிடுவார். அந்த முறை கோடு போட்டிருந்த பழைய மில் கேட் அருகே ஒரு கடலைக்காரர் அப்படித் தங்கிவிட்டார். இன்றும் நன்றாக வறுக்கிறார். ஆனால் அந்த வருடத்துக்குப் பிறகு பிறந்தவர்கள் கோட்டைத் தாண்டி அவரிடம் போனால் அங்கே இருக்கமாட்டார்கள். அதனால் பெரியவர்கள்தான் போய் வாங்கி வரவேண்டும்.

இந்த முறை கடைசி ஆள் நான். வேண்டுமென்றேதான். என் அப்பா ஆறுச்சாமியைப் பரிசோதித்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வருஷம் முடியற வரைக்கும் இருப்பாருங்க. அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க" என்றார். நன்றி சொல்லிவிட்டு நேராகப் போய் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். அப்பா என்றால் எனக்கு உயிர்.

மற்றவர்களெல்லாம் முதல் நாளே ஓடி முடித்து, பதக்கத்தோடு இட்லி சாப்பிடப் போய்விட்டார்கள். நான் துள்ளினேன். ஒரு துள்ளலுக்கு ஒரு விரல்கடை தூரம் நகர்ந்தேன். பின்னால் கடைசி வண்டி வந்தது. மொபெட்டில் உட்கார்ந்து, கடைசி ஆளின் காலையே பார்த்துக்கொண்டு வருவது சுலோச்சனா அக்காவின் வேலை. அவர் வண்டியைக் காலால் உந்தியபடியே ஸ்வெட்டர் பின்னினார். துள்ளிக்கொண்டே தூங்க எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. சாப்பாடுதான் சிரமம், ரசம் இலையில் நிற்காது.

ஊர் என்னைத் திட்டவில்லை, கேலிதான் செய்தது. டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர், "தை பொறந்தா வழி பொறக்கும்னு சொல்லுவாங்க. இங்க நீங்க வழிய வுட்டாத்தானுங்க தையே பொறக்கும்" என்றார். நியாயமான பேச்சுதான்.

என் தங்கை ரேணுகாவுக்கு ஜனவரியில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். ஜனவரி வராததால் குழந்தையும் வரவில்லை. வயிறு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. வளைகாப்புக்குப் போட்ட வளையல்கள் ஒவ்வொன்றாக உடைந்து தீர்ந்து, மறுபடியும் ஒரு வளைகாப்பு நடத்தினார்கள். ஸ்டேடியம் வாசலில் போட்டிருந்த கோடு என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த நாளில், அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து என்னோடு நடந்தாள். நடந்தாள் என்றால், என் வேகத்துக்கு நின்றாள்.

"முடியலண்ணா" என்றாள். "ஆனா நீ வேகமா ஓடீராத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. துள்ளிக்கொண்டே அழுதேன். இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்கள். அந்த எறும்பாவது கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

மறுநாள் அப்பா வந்தார். கழுத்தில் மப்ளர், கையில் மடக்கு நாற்காலி.

"கால் வலிக்கலியா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

"பொய் சொல்லாத. உன்ற தங்கச்சியப் பாத்தியா? அந்தப் புள்ள இன்னும் எத்தன நாளைக்குச் சொமக்கும்?"

"நான் தாண்டிட்டா நீங்க..."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் எனக்கு முன்னால் நடந்துபோய், கோட்டுக்குப் பக்கத்தில், ஆனால் கோட்டைத் தாண்டாமல், பாதையிலேயே நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் பாதையிலிருந்து விலக்கினார். அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை. "நான் இங்கயே இருந்துக்கறனுங்க" என்றார். போலீஸ்காரர் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, நாற்காலியைப் புங்கமர நிழலுக்கு நகர்த்திப் போட்டார். அப்பாவைப் பின்னால் விட்டுவிட்டுப் போகலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை. அப்பாவுக்குத் தோன்றியிருந்தது.

"பாத்தது போதும், ஓடு" என்றார்.

நான் ஓடினேன். சுலோச்சனா அக்கா வண்டியை ஸ்டார்ட் செய்து என்னை முந்தினார். கோட்டருகே கடைசி வண்டி முந்திக்கொள்வது வழக்கம், இல்லாவிட்டால் அவரும் தங்கிவிடுவார். போகிற போக்கில், பின்னி முடித்த ஸ்வெட்டரை அப்பாவின் மடியில் போட்டுவிட்டுப் போனார். அப்பாவைக் கடக்கும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பேன். தாண்டினேன். பட்டாசு வெடித்தது. அன்று மாலையே ரேணுகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

இப்போது எங்களுக்குச் சித்திரை வெயில். கோட்டுக்கு அந்தப் பக்கம் மார்கழிக் குளிரில் அப்பா ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் சொன்னது சரிதான். அங்கே வருடம் முடியவில்லை, அப்பா இருக்கிறார். காலையில் நான் காபி கொண்டுபோவேன். ரேணுகா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட வருவாள். கோட்டைத் தாண்டியதும் அவள் தோளில் குழந்தை இருக்காது, வயிறு பெரிதாக இருக்கும். அப்பா அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

"ஒதைக்குதுங்களாப்பா?" என்று கேட்பாள்.

"நல்லா ஒதைக்கறான். பையந்தான்" என்பார்.

நாங்கள் திருத்துவதில்லை. அங்கே அது இன்னும் யாருக்கும் தெரியாது. பசிக்கும் நேரமானதும் ரேணுகா எழுந்து இந்தப் பக்கம் வந்து, குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள்.