நிற்க மறுத்த பூனை

அக்காவும் அவள் கணவரும் சேர்ந்து ஒரு சின்ன புரோகிராமிங் மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் எழுதிய முதல் புரோகிராம் கால்நடை மருத்துவரான தம்பியின் கிளினிக்குக்குப் போனது. பிராணியின் எடையைத் தட்டினால் மருந்தின் அளவைச் சொல்லும்.

ஒரு மத்தியானம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, உன் மொழிக்கு மூளை கீளை இருக்கா? இந்தப் பூனைக்கு மருந்தே வேண்டாங்குது."

"எடை என்ன போட்ட?"

"தராசுல நின்னாத்தானே? கிட்டப் போனாலே பிறாண்டுது. 'நிக்க மாட்டேங்குது'ன்னே போட்டுட்டேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. எழுத்தை எண்ணாக மாற்ற முடியாவிட்டால் பூஜ்யம் என்று வைத்தவள் அவள்தான். புதிதாகக் கற்பவர்கள் மிரண்டுவிடக் கூடாதே என்ற கரிசனம். எடை பூஜ்யமானதும் மருந்தும் பூஜ்யமாகிவிட்டது.

"எண் இல்லன்னா புரோகிராம் அங்கேயே நிக்கணும். அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் பக்கத்திலிருந்த கணவர்.

"நின்னுட்டா? வெளியில காத்திருக்கிற நாய்க்கெல்லாம் நீங்க போய்ப் பதில் சொல்வீங்களா?"

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"பூஜ்யமும் வேண்டாம், நிக்கவும் வேண்டாம். 'இது எண் இல்லை'ன்னு தட்டினதையே திருப்பிக் குடுத்துடலாம். எண் வராட்டி என்ன செய்யணும்னு எழுதாத புரோகிராமை மொழி ஏத்துக்கவே கூடாது."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"இப்பதானே தோணுச்சு!"

சாயங்காலம் இருவரும் திருத்திய புரோகிராமோடு கிளினிக்குக்குப் போனார்கள். தம்பி பழையபடியே தட்டினான். "'நிக்க மாட்டேங்குது' எண் இல்லை. எடையைத் தரவும்," என்றது திரை.

"மாமா, இது உங்களை மாதிரியே பேசுது."

மாமா பூனையைத் துண்டில் சுற்றி அலுங்காமல் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாய்களை நிறுக்கும் தராசில் ஏறினார். எண்பத்து நாலு கிலோ.

"உங்க எடையைக் கழிக்கணும். எவ்வளவு மாமா?"

"எழுபது."

"அப்போ பூனை பதினாலு கிலோவா?" என்றாள் அக்கா. "இறக்கி விட்டுட்டு ஒழுங்கா ஏறுங்க."

அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினார். எண்பது. பூனைக்கு நாலு கிலோவுக்கான மருந்து கிடைத்தது.

வீடு திரும்பியதும் வாசலில் அவர், "காலையில நடக்கலாம்னு பாக்கறேன்," என்றார்.

"நானும் வரேன்," என்று அவர் கையைக் கோத்துக்கொண்டாள்.