காலில் ஒரு வெள்ளைக் கோடு

வெற்றிச்செல்வன் எழுந்தான். பல் தேய்த்தான். தண்ணீர் சுட வைத்துக் குளித்தான். ஈரம் முழுதாகக் காய்வதற்குள் கைகால்களில் லோஷன் தடவினான். சட்டை போட்டு, மேலே ஸ்வெட்டர் போட்டான். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டான். குன்னூரிலிருந்து வெலிங்டனுக்குப் பஸ் ஏறினான். அங்கே ராணுவ அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை.

இந்த வரிசையில் லோஷனைச் சேர்த்தவள் அவன் மனைவி தீபலட்சுமி. போன ஆடியில் ஒரு வயிற்று ஆபரேஷனுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதன் பிறகு வரிசையிலிருந்து எதையும் எடுக்க அவனுக்குத் தோன்றவில்லை. எதையும் சேர்க்கவும் தோன்றவில்லை.

தீபா மேட்டுப்பாளையத்துப் பெண். கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் மார்கழியில், தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்திருந்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் தினமும் பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் தோசை ஊற்றுவாள். தோசை முடிவதற்குள் எண்ணெய் இளகிவிடும். அவன் காலைப் பார்த்த அன்று மட்டும் அவள் சிரிக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு இழுத்தாள். சாக்பீஸால் போட்டது மாதிரி கோடு வெள்ளையாக நின்றது.

“ஏனுங்க, இது காலுங்களா, சிலேட்டுங்களா?”

கோடு நின்றால் வறண்ட தோல். நிற்காவிட்டால் கவலையில்லை. அது அவள் வைத்திருந்த பரிசோதனை. அவளுடையது எண்ணெய்த் தோல், தண்ணீராக ஓடும் லோஷன் அவளுக்குப் போதும். அவனுக்குக் கொஞ்சம் கெட்டியாக வேண்டும். கடையில் புறங்கையில் தடவி அவன் மூக்கருகே நீட்டுவாள். ரோஜா மணத்தில் ஒன்று இருவருக்கும் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை வாசல் வெயிலில் உட்கார்ந்து அவன் காலில் நகத்தால் ‘தீ’ என்று எழுதிப் பார்ப்பாள். எழுத்து விழவில்லை என்றால் அந்த வாரம் அவன் ஒழுங்காக லோஷன் போட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

இழவுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கடைசியாக என்ன சொன்னாள்? ஒன்றும் சொல்லவில்லை என்றான். அவர்கள் ஏதோ பெரிய வார்த்தையை எதிர்பார்த்தார்கள். அவள் சொன்னது அப்படிப்பட்டதல்ல.

இப்போது அவனுக்குச் சமைத்துப் போடுவது அக்கா லீலாவதி. அவள் கணவர் இராஜமாணிக்கம் இறந்து நான்கு வருடமாகிறது. தம்பி தனியாகிவிட்டான் என்று தன் வீட்டைக் காலி செய்து வந்துவிட்டாள். பக்கத்து எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலையைப் பொட்டலம் போடும் பிரிவில் வேலை. நாள் முழுக்கக் காய்ந்த தூளில் கை. வீட்டுக்கு வந்தால் பாத்திரம், துணி.

தை மாதத்தில் ஒரு நாள் குளியலறைத் தரையில் சிவப்பாக ஒரு திட்டு இருந்தது.

“அக்கா, கால்ல என்ன?”

“குளுருக்கு வெடிச்சிருக்குது. ஒண்ணுமில்ல போ.”

“காட்டு.”

“நீ என்ன டாக்டரா?”

அவன் குனிந்து அவள் காலில் நகத்தால் கோடு இழுத்தான். கோடு நின்றது. ஓரங்களில் தோல் செதில் செதிலாக எழும்பியது. எழுந்து போய் அலமாரியிலிருந்த லோஷனை எடுத்து வந்தான்.

“எனக்கெதுக்குடா இது? இனி மினுக்கிட்டு எங்க போறேன்?”

“போடு.”

தீபா போன பிறகு அவன் எதையும் அழுத்திச் சொன்னதில்லை. அதனாலேயே அக்கா போட்டாள். எரிந்தது. ஆறும்போது எரியும் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டாள்.

பொட்டலம் போடும் அறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் பெண்கள் தலையிலிருக்கும் பூவைக் கதவுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நான்கு வருடமாக லீலாவதிக்கு எடுத்து வைக்கப் பூ இருந்ததில்லை. அன்று காலை மேஸ்திரி முனியசாமி மூக்கை உறிஞ்சினார்.

“யாரும்மா அது, ரோசாப்பூ? தூளுக்கு ஏறிரும். நாளைக்கி வேண்டா.”

அவர் அதோடு போய்விட்டார். பக்கத்து எடைமேசை சசிகலா விடவில்லை.

“ஏனுங்க லீலாக்கா, நாங்கெல்லா ஊட்டுக்காரருக்குப் பூ வெக்கறோம். நீங்க யாருக்குங்க மணக்கறீங்க?”

இரண்டு பேர் சிரித்தார்கள். லீலாவதி அடுத்த பொட்டலத்தை எடைபோட்டாள்.

வீட்டில் மேஸ்திரி சொன்னதை மட்டும் சொன்னாள். பாட்டில் அலமாரிக்குத் திரும்பியது. அரிப்பு தாங்காதபோது கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். அந்த நேரத்துக்குச் சுகமாக இருந்தது. மறுநாள் தோல் இன்னும் காய்ந்தது. குதிகால் வெடிப்பு ஆழமானது. பிறகு ஒரு காலையில் அவளால் செருப்பு போட முடியவில்லை. பாதம் சிவந்து கணுக்கால் வரை வீங்கியிருந்தது. உடம்பு கொதித்தது.

ஆஸ்பத்திரி மணம் வெற்றிச்செல்வனை வாசலிலேயே நிறுத்தியது. அக்கா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றிருந்தாள். அதனால் உள்ளே போனான்.

டாக்டர் ஈவ்லின் காலைத் திருப்பிப் பார்த்தார். “வெடிப்பு வழியா கிருமி உள்ள போயிருக்கு. மாத்திரை தர்றேன், குறையலைன்னா அட்மிட் பண்ணணும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா காலுக்கே ஆபத்தும்மா. இவ்வளவு வறண்ட தோலுக்கு ஒண்ணுமே போடலியா?”

“போட்டனுங்க. மணக்குதுன்னாங்க.”

“யாரு?”

லீலாவதி சுவரைப் பார்த்தாள். பிறகு சசிகலா கேட்டதை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். வெற்றிச்செல்வன் அதை அப்போதுதான் கேட்டான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “வாசனை போட்டது வெடிச்ச தோலுக்கு ஆகாது. அதான் எரிஞ்சிருக்கு. உங்களுக்கு லோஷனும் பத்தாது. வாசனையில்லாத கெட்டி க்ரீம் வாங்குங்க. புண் ஆறினதும், குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள போடுங்க. தண்ணி வெதுவெதுப்பா போதும்.”

மருந்துக்கடையில் க்ரீம் டப்பாவை அவள் இரண்டு முறை முகர்ந்து பார்த்தாள்.

“மணமே இல்ல. நல்லதாப் போச்சு. போட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது.”

“தெரிஞ்சா என்ன?” என்றான் அவன். குரல் உயர்ந்துவிட்டது. கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பஸ்ஸில் வீடு வரும் வரை லீலாவதி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கால் ஆறி வேலைக்குத் திரும்பிய அன்று, மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் கை கழுவினாள். ஃபேக்டரிக்கு வெளியே பெஞ்சில், எல்லாரும் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தாள். விரலால் எடுத்து, அவசரப்படாமல், ஒவ்வொரு விரலாகத் தடவினாள்.

“மறுக்கா ஆரம்பிச்சுட்டீங்களா?” என்றாள் சசிகலா. “இந்தத் தடவ மணத்தக் காணோம்?”

“சசி, என்னோட தோலு வெடிக்கறப்ப, ஊட்டுக்காரரு இருக்காரா போயிட்டாரான்னு பாத்துட்டு வெடிக்கல. அதுக்கு ஒண்ணு போடறதுக்கு மட்டும் நானு எதுக்குப் பயப்படோணும்? புருசன் செத்தா பொம்பளைக்கு உடம்புமா செத்துப்போகுது? உசுரு இருக்கற வரைக்கும் உடம்பப் பாத்துக்கோணும். அது மினுக்கறதில்ல. ஊரு என்ன சொல்லுமோன்னு இருந்து, நானு காலையே உட்டிருப்பேன்.”

பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. ஃபேக்டரிச் சங்கு ஊதியது. எல்லாரும் எழுந்தார்கள். சசிகலா மட்டும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அன்னிக்கி அப்படிக் கேட்டது தப்புத்தானுங்க.” கொஞ்சம் கழித்துக் கையை நீட்டினாள். “எனக்கு எது ஆகுமுங்க?”

லீலாவதி அந்த முன்கையில் நகத்தால் கோடு இழுத்தாள். கோடு நிற்கவில்லை.

“உனக்கு லேசானது போதும். வேலைக்கு வரப்ப மணமில்லாதது போடு. மணக்கறதெல்லா லீவு நாளைக்கி வெச்சுக்க, ஊட்டுக்காரரு மோந்துக்கட்டும்.”

சாயங்காலம் அவள் இதைச் சொன்னபோது வெற்றிச்செல்வன் சிரித்துவிட்டான். சிறிய சிரிப்புதான். லீலாவதி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

“கோடு இழுத்துப் பாக்கறது யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு?”

“தீபா.”

அவள் பெயரை அந்த வீட்டில் அவன் சொல்லி நெடுநாளாகிறது.

“செல்வா, கடைசியா ஒண்ணுமே சொல்லலைன்னயே. நெசமாவா?”

அவன் தன் கையைப் பார்த்தான். அன்று ஆபரேஷன் அறை வாசலில் தள்ளுவண்டி நின்றது. அதற்குச் சற்று முன்புதான் அக்கா வந்து அவனுக்குக் கஞ்சித்தூக்கைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நர்ஸ் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். தீபா அவன் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

அவள் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்.

“ஏனுங்க, லீலாக்கா கையப் பாத்தீங்களா, எத்தன வெடிப்பு? ஒரு டப்பா வாங்கிக் குடுங்க. வேண்டாம்பாங்க. நீங்க குடுங்க.”