நாற்பது பிரதி ஓட்டியவர்

1.

மனநல மருத்துவர்களின் தேசியச் சங்கத்தையே கலங்கடித்த ஒரே தமிழ் எழுத்தாளன் நான். தன்னடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

ஆதாரம் உண்டு. எங்கள் கல்லூரி இதழில் [பன்னிரண்டு பக்கம், நாற்பது பிரதி, ஜெராக்ஸ்] வந்த என் 'மாத்திரை ராஜா' கதைக்குச் சங்கத்தின் முத்திரையிட்ட தாளில் கடிதம் வந்தது. கதை இவ்வளவுதான்: மனநோய்க்கு மாத்திரை தின்று தின்று பூசணிக்காயாகிப்போன ராஜா, ஒருநாள் மாத்திரைகளைத் தாமிரபரணியில் வீசுகிறார். மறுநாள் மறுபடியும் ராஜா.

(திருத்தம்: எல்லாப் பத்திரிகைகளுக்கும் அனுப்புகிற சுற்றறிக்கைதான் அது. எங்கள் இதழின் பெயரை மட்டும் பேனாவால் நிரப்பி ஸ்கூட்டரில் கொண்டுவந்தவர், சங்க உறுப்பினரான பாளையங்கோட்டை டாக்டர் எலிசபெத்.)

"நாப்பது பிரதிக்கெல்லாமா சங்கம் கவலைப்படும், டாக்டர்?"

"சங்கம்னா வருசத்துக்கு ஒரு மாநாடு போட்டுச் சாப்பிட்டுட்டுப் போறதுன்னு நினைச்சீங்களா தம்பி? இதுவும் வேலைதான். யாரு படிக்காங்கன்னு உங்களுக்கே தெரியாது."

2.

கடிதத்தில் ஐந்து யோசனைகள். ஐந்தாவது: மனநோயைப் பற்றி எழுதினால், அதோடு வாழும் ஒருவரிடம் அச்சுக்கு முன் படிக்கக் கொடுங்கள்.

'மிளகாயிடம் கேட்டுவிட்டா குழம்பு வைக்கிறோம்?' என்று தொடங்கி நான்கு பக்கப் பதில் எழுதினேன். [இங்கே இன்னொரு நகைச்சுவை இருந்தது. ஒருவர் அடித்துவிட்டார். யார் என்பது கடைசியில்.] பதிலைப் பிரதி எடுக்க, வழக்கம்போல் தச்சநல்லூர் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

3.

கதையை இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கியும் பார்த்தேன்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஒரு... (துப்பறியும் கதை.)

ஐயம்பெருமாள் அண்ணாச்சி தங்கமான மனிதர். அவர்... (இரங்கல் செய்தி.)

நடந்ததையே சொல்கிறேன். கடைக்கார அண்ணாச்சி ஐயம்பெருமாள் மிஷினில் எதையும் வைக்காமல் வெள்ளைத்தாளாக ஓட்டிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் தாள். அவர் மனைவி சங்கரி மதினி பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மூணு நாளாத் தூங்கல தம்பி. மாத்திரையெல்லாம் ஆத்துல போட்டுட்டாவ."

அவருக்கு மாத்திரை உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

"கதையில அப்படித்தானலே எழுதியிருந்தே?" என்றார் அண்ணாச்சி, ரொம்ப சந்தோஷமாக. "நாப்பது பிரதி ஓட்டுனேன். ஓட்ட ஓட்டப் படிச்சேன். மாத்திரை போட்டா எனக்கும் கை நடுங்கத்தான் செய்யுது. பேப்பரு கோணிக்கிடுது. ஒனக்கு எப்படிலே தெரிஞ்சுது?"

எனக்கு ஒன்றும் தெரியாது. பூசணிக்காய் என்ற சொல் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

4.

டாக்டர் எலிசபெத்திடம் கூட்டிப்போனோம். கை நடுங்குவதை இரண்டு வருடமாக அண்ணாச்சி யாரிடமும் சொல்லவில்லையாம். டாக்டர் பொறுமையாகக் கேட்டு, மாத்திரையை மாற்றி எழுதினார். சங்கத்தின் சார்பில் என்னை நாலு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எனக்கும் ஒரு டீ சொன்னார்.

புது மாத்திரையை அண்ணாச்சி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாயில் போடவில்லை.

"இன்னொரு கதை எழுதுலே. மாத்திரையும் போடணும், ராஜாவாவும் இருக்கணும். பொய்யா இருக்கப்பிடாது. பொறவு பாப்போம்."

நீங்கள் படிப்பது அந்தக் கதை. கேட்டு எழுதியது.

முடிவு அ: மாத்திரையைப் போட்டார், ஆற்றுக்கு மேல் சூரியன் உதித்தது. (இதற்குச் சுற்றறிக்கையே தேவலை.)

முடிவு ஆ: போடவில்லை. அன்றைக்குச் சாயங்காலம்... (கை வரவில்லை.)

5.

இந்தப் பகுதியை மட்டும், கடையில் நின்றுகொண்டே, அன்றைய வெள்ளைத்தாளில் ஒன்றை எடுத்து எழுதுகிறேன். முதல் நான்கு பகுதிகளும் ஒரு பேனாவும் அண்ணாச்சியிடம் இருக்கின்றன. மிஷின் ஓடவில்லை.

"ராஜாவ எங்கலே?"

"ராஜா இல்ல அண்ணாச்சி. ஜெராக்ஸ் கடைக்காரரு."

"அதுவும் சரிதான்." இரண்டாம் பகுதியில் ஒரு வரியை அடித்தார். "இது சிரிப்பு வரல. வலிக்கி."

அடித்த இடத்தில் ஓர் அடைப்புக்குறிக் குறிப்பு எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

மதினி ஒரு தம்ளர் தண்ணீரையும், அண்ணாச்சியின் சட்டைப் பையிலிருந்து எடுத்த மாத்திரையையும் மிஷின் மூடிமேல் வைத்துவிட்டுப் போனார். அண்ணாச்சி நான்காம் பகுதியைப் பைய படிக்கிறார். கை இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

இந்தப் பிரதி உங்கள் கைக்கு வந்திருந்தால், அதை ஓட்டியது யார், தாள் நேராக விழுந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது தெரியாது.

அவர் கையை நீட்டுகிறார். இந்தத் தாளையும் கொடுத்துவிடுகிறேன்.